நாடி 128 என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படித்து முடித்து வரும் செவிலியர்களுக்கு வேலையே தெரியவில்லை என்று மருத்துவமனைகள் குறைபடுவதும், எல்லாம் சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்பினோம் என்று கல்லூரிகள் மறுப்பதும் பழைய வழக்கு. பயிற்சி கொடுக்கும் இடத்தில் இருக்கும் எங்களுக்கு இரண்டு பேச்சிலும் பாதிதான் உண்மை என்று படுகிறது. ஊசி போடவும், கட்டு மாற்றவும், சிறுநீர்க் குழாய் செருகவும் பிள்ளைகளுக்குத் தெரியும். விடுபட்டுப் போவது வேறொன்று.

காலை 6 மணி, அறுவை சிகிச்சை வார்டு, 7-ஆம் படுக்கை. இறுதியாண்டு மாணவர் நாடி பிடித்து எண்ணுகிறார். 128. சரியாகத்தான் எண்ணியிருக்கிறார். சார்ட்டில் அழகாக எழுதிவிட்டு 8-ஆம் படுக்கைக்கு நகர்கிறார். செய்முறைத் தேர்வு என்றால் முழு மதிப்பெண். ஆனால் அந்த 128-ஐ வைத்துக்கொண்டு இப்போது யார் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை. அவரைப் பொறுத்தவரை 'வைட்டல்ஸ்', அதாவது நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் போன்ற அளவுகள், 'எடுத்தாச்சு'.

இது அந்த மாணவரின் அலட்சியம் அல்ல, நாம் பழக்கிய பழக்கம். வார்டுக்குப் போன முதல் நாளிலிருந்து அவருக்கு வேலைதான் பிரித்துக் கொடுக்கப்பட்டது, நோயாளி பிரித்துக் கொடுக்கப்படவில்லை. ஒருவர் எல்லோருக்கும் பிபி பார்ப்பார், ஒருவர் எல்லோருக்கும் மாத்திரை கொடுப்பார், ஒருவர் எல்லோருக்கும் படுக்கை விரிப்பார். 30 படுக்கை வார்டை இப்படி ஓட்டுவது சுலபம் என்பது உண்மை. ஆனால் நாடி பார்த்தவருக்கு அந்த நோயாளியின் சிறுநீர் அளவு தெரியாது. சிறுநீர்ப் பையைக் காலி செய்தவருக்கு நாடி தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருமே இருக்கமாட்டார்கள்.

7-ஆம் படுக்கையையே முழுதாகப் பார்ப்போம். மூச்சு நிமிடத்துக்கு 26, ஆக்ஸிஜன் அளவு 95, மேல் ரத்த அழுத்தம் 104, நாடி 128, வெப்பம் 37.8, நோயாளி தெளிவாகப் பேசுகிறார், ஆக்ஸிஜன் வைக்கவில்லை. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய, நோயாளி மோசமாவதை மதிப்பெண் கூட்டி முன்கூட்டியே காட்டும் 'நியூஸ்' எச்சரிக்கைக் கணக்கில் இதைப் போட்டால் மூச்சுக்கு 3, ஆக்ஸிஜனுக்கு 1, ரத்த அழுத்தத்துக்கு 1, நாடிக்கு 2, மொத்தம் 7. அந்தக் கணக்கில் 5 வந்தாலே அவசரமாக மருத்துவர் வந்து பார்க்க வேண்டும். 7 என்றால் அபாய அழைப்பு. தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் யாரையும் ஓட வைக்காது. கூட்டிப் பார்த்தால்தான் ஓட வைக்கும்.

இங்கே ஒரு பழைய வியாதியைச் சொல்லியாக வேண்டும். எந்த வார்டின் சார்ட்டையாவது எடுத்து மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே பாருங்கள். 20, 20, 18, 20, 20. நிமோனியா வந்தவருக்கும் 20, கால் முறிந்தவருக்கும் 20. மற்றதையெல்லாம் கருவி காட்டிவிடுகிறது. மூச்சை மட்டும் முழுதாக ஒரு நிமிடம் நின்று, நெஞ்சைப் பார்த்து எண்ண வேண்டும். அந்த ஒரு நிமிடம் யாருக்கும் இல்லை. நம் 7-ஆம் படுக்கைக்கும் 26-க்குப் பதிலாக 20 என்று எழுதியிருந்தால் மூச்சுக்கான 3 போய், மொத்தம் 4 ஆகிவிடும். அபாய அழைப்பு ஒரு பொய் எண்ணால் 'கொஞ்சம் கவனியுங்கள்' என்று சுருங்கிவிடும். மாணவருக்கு இதை விரிவுரையாகச் சொல்லிப் பயனில்லை. ஒரே நோயாளியை இரண்டு மாணவர் ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் தெரியாமல் எண்ணட்டும். பிறகு இருவர் எழுதியதையும் சார்ட்டில் ஏற்கனவே இருப்பதோடு ஒப்பிடட்டும். இரண்டு முறை இப்படிச் செய்தவர் பிறகு 20 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதில்லை. எண்ணும்போது நோயாளியின் கையைப் பிடித்தபடியே இருந்தால் நாடி பார்ப்பதாக நினைத்துக்கொள்வார். மூச்சு எண்ணுவது தெரிந்துவிட்டால் அவருடைய மூச்சே மாறிவிடும்.

எண் கிடைத்தது, சரி. அடுத்தது மருத்துவருக்குச் சொல்வது. வகுப்பில் போதிய இடம் கிடைக்காத வேலை இதுதான், புதிய செவிலியர் மிகவும் பயப்படுவதும் இதற்குத்தான். பெரும்பாலான அழைப்புகள் இப்படிப் போகும்:

"டாக்டர், 7-ஆம் பெட் பேஷண்டுக்கு ஒரு மாதிரியா இருக்கு, கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

"பிபி எவ்வளவு?"

"இருங்க டாக்டர், பாத்துட்டு வர்றேன்."

"சரி, நான் ரவுண்ட்ஸ்ல வந்து பாக்கறேன்."

அவ்வளவுதான். ரவுண்ட்ஸ் 9 மணிக்கு. 3 மணி நேரம் போய்விட்டது.

இதையே 'எஸ்பார்' முறையில் சொல்லிப் பழக்கலாம். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த முறை இது. நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் வேண்டுகோள் என நான்கே படி.

"டாக்டர், நான் சர்ஜரி வார்டு டியூட்டி நர்ஸ். 7-ஆம் பெட் பத்திப் பேசறேன், நியூஸ் ஸ்கோர் 7. 54 வயசு, 60 கிலோ, நேத்து மத்தியானம் குடல் ஆபரேஷன் ஆனவர். ராத்திரி 12 மணிக்கு பிபி 130/80, பல்ஸ் 88. இப்போ பிபி 104/60, பல்ஸ் 128, மூச்சு 26. கடைசி 2 மணி நேரத்துல யூரின் 35 மில்லிதான். உள்ளே ரத்தம் கசியுதோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. நீங்க உடனே வந்து பாக்கணும். வர்றதுக்குள்ள ரத்தம் எடுத்து அனுப்பட்டுமா?"

பேசி முடிக்க அரை நிமிடம் ஆகும். போனை எடுக்கும் முன்பு சார்ட்டைக் கையில் வைத்திருந்தாரா என்பதில்தான் முக்கால்வாசி இருக்கிறது. மணிக்கு, கிலோ ஒன்றுக்கு 0.5 மில்லி என்ற கணக்கில் இந்த நோயாளிக்கு 2 மணி நேரத்தில் குறைந்தது 60 மில்லி சிறுநீர் போயிருக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்குத்தான் 35 என்ற எண்ணைச் சொல்லத் தோன்றும்.

மாணவர் தடுமாறுவது மூன்றாம் படியில். நோயைக் கணிப்பது டாக்டர் வேலை, நாம் வாயைத் திறக்கக் கூடாது என்றே வளர்க்கப்பட்டவர்கள். நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. "என்னன்னு தெரியல, ஆனா 2 மணி நேரமா மோசமாகிக்கிட்டே போறார்" என்பதும் முழுமையான கணிப்புதான். போனில் மருந்து சொன்னால் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, சரி என்ற பதிலை வாங்க வேண்டும். ஆங்கிலத்தில் சொல்லும் ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்று போலவே கேட்கும். எனவே 'ஒன்று, ஐந்து' என்று இலக்கத்தைப் பிரித்துச் சொல்லும் பழக்கம் வேண்டும். வகுப்பில் ஒருவர் எரிச்சல்பட்ட மருத்துவராகவும் மற்றவர் செவிலியராகவும் நடித்து வாரம் இரண்டு அழைப்பு பழகினால் போதும். எரிச்சல் முக்கியம். இனிமையாகப் பேசும் மருத்துவரோடு பழகிய பயிற்சி, அதிகாலை அழைப்புக்கு உதவாது.

மருந்துக் கணக்கில் எங்கள் கருத்து கொஞ்சம் கடுமையானது. இந்தத் தேர்வுக்கு 50 சதவீதத் தேர்ச்சி என்பது அர்த்தமில்லாதது. 10-க்கு 9 சரி என்றால் பத்தில் ஒரு நோயாளிக்குத் தவறான அளவு என்று பொருள். 100-க்கு 100 வரும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதட்டும், அதற்கு முன் மருந்துத் தள்ளுவண்டியைத் தொட வேண்டாம்.

தவறு எங்கே நடக்கிறது என்றால், பெருக்கல் வகுத்தலில் நடப்பது குறைவு. கையில் இருக்கும் பொருளைப் பார்க்காமல் பழைய ஞாபகத்தில் செய்வதில்தான் நடக்கிறது. 500 மில்லி ட்ரிப் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 125 மில்லி. மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 42 சொட்டு. மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில் நிமிடத்துக்கு 125 சொட்டு. மைக்ரோ செட் என்று நினைத்து 20 சொட்டு செட்டில் 125 ஓட விட்டால் மணிக்கு 375 மில்லி போகும். 4 மணி நேர ட்ரிப் 80 நிமிடத்தில் முடிந்துவிடும். இதயம் பலவீனமானவருக்கு நுரையீரலில் நீர் கோக்க அது போதும். செட்டின் உறையில் சொட்டு எண்ணிக்கை அச்சிட்டிருக்கிறது. உறையைக் கிழித்துக் குப்பையில் போட்ட பிறகுதான் பலருக்கும் அந்தச் சந்தேகமே வருகிறது.

8 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று பாராசிட்டமால் எழுதியிருந்தால் 120 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 5 மில்லி. அதே சிரப் 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ளதாகவும் வருகிறது. அதில் 2.4 மில்லிதான். '5 மில்லி கொடு' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் இரண்டாவது பாட்டிலில் இரு மடங்கு கொடுத்துவிடுவார். 2.4-இல் உள்ள புள்ளி மங்கலாக இருந்தால் 24. ஆகவே எழுதும்போது 0.5 என்று முன்னால் பூஜ்யம் போட வேண்டும், 5.0 என்று பின்னால் போடக் கூடாது. இன்சுலின் இன்னும் மோசம். மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வகைக் குப்பியும் புழங்கும் இடத்தில், 100 யூனிட் குப்பியிலிருந்து 40 யூனிட் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அது அரை மில்லி. அதாவது 50 யூனிட், சொன்னதைப் போல இரண்டரை மடங்கு.

பொட்டாசியம் குளோரைடை நேரடியாக ரத்தக் குழாயில் ஏற்றினால் இதயம் நிற்கும் என்று எல்லா மாணவருக்கும் தெரியும். சலைன் பையில் கலந்த பிறகும் அபாயம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஏறிக்கொண்டிருக்கும் பையைத் தொங்கவிட்டபடியே அடியில் உள்ள துளை வழியாக பொட்டாசியத்தைச் செலுத்தினால், அது அடர்த்தி அதிகமானதால் அடியிலேயே தங்கும். முதலில் நோயாளிக்குள் போவது கிட்டத்தட்ட நீர்க்காத மருந்துதான். க்ளாம்பை மூடி, பையை இறக்கி, மருந்தைச் சேர்த்து, பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கி, லேபிள் ஒட்டி, பிறகுதான் தொங்கவிட வேண்டும். சாயம் கலந்த அடர்த்தியான உப்புத் தண்ணீரை ஒரு பையில் இப்படிச் செலுத்திக் காட்டுங்கள். அடியில் படியும் நிறத்தை மாணவர் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்.

மறுப்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். வழக்கத்தைவிட அதிக அளவு எழுதியிருக்கிறது, கேட்டால் சீனியர் "எழுதினதைப் போடு" என்கிறார். அந்த நேரத்தில் வார்த்தை கைவசம் இருந்தால்தான் வாயில் வரும். முதலில் "இந்த அளவு எனக்குக் கவலையா இருக்கு." பிறகு "இதைப் போட எனக்கு மனசு ஒப்பல." கடைசியாக "இது பேஷண்டுக்கு ஆபத்து. சரிபார்க்கிற வரைக்கும் நான் போடமாட்டேன்." மூன்றும் குரல் உயராமல் சொல்லக்கூடியவை. சர்வதேச செவிலியர் மன்றம் 1953-இல் ஏற்று, கடைசியாக 2021-இல் திருத்திய நெறிமுறைத் தொகுப்பைத் தேர்வுக்காக எல்லோரும் படிக்கிறார்கள். அதிலிருந்து இந்த மூன்று வாக்கியங்கள் வரை இறங்கி வருவதற்குத்தான் வகுப்பில் நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

கற்றுக்கொள்ளாத வேலையைச் செய்யச் சொன்னாலும் இதேதான். "தெரியாது, கூட நின்னா செய்யறேன்" என்பது அவமானம் அல்ல. அதைச் சொன்ன மாணவரைப் பார்த்து வார்டு சிரித்தால், அடுத்த முறை அவர் தெரிந்ததுபோல் செய்வார்.

தவறு நடந்துவிட்டால் என்ன செய்வது என்பதிலும் இதே கதை. முதலில் நோயாளியைப் பார்க்க வேண்டும், நாடி, ரத்த அழுத்தம், மூச்சு, நினைவு. பிறகு பொறுப்புச் செவிலியருக்கும் மருத்துவருக்கும் சொல்ல வேண்டும். பிறகு என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, அதன்பின் என்ன செய்யப்பட்டது என்று சாக்கு இல்லாமல் எழுத வேண்டும். எழுதியது பிழை என்றால் ஒற்றைக் கோடு போட்டு, தேதியும் கையெழுத்தும் இட வேண்டும். வெள்ளை மை பூசிய கேஸ் ஷீட் எந்த விசாரணையிலும் நிற்காது. தானே வந்து சொன்ன மாணவரை எல்லோர் முன்னிலும் திட்டும் ஆசிரியர், அன்று வகுப்பில் இருந்த 40 பேருக்கும் மறைக்கக் கற்றுக்கொடுத்துவிடுகிறார். ஊசி குத்திக்கொண்டதையும் அந்தப் பயத்தில்தான் மறைக்கிறார்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கியாக வேண்டும். மறைத்துவிட்டு மூன்று நாள் அழுதால் அந்த வாய்ப்பு போயே போய்விடும்.

பிறரிடம் வேலை ஒப்படைப்பதும் புதியவருக்குக் கஷ்டம். தன் அம்மா வயதுள்ள உதவியாளரிடம் எப்படிச் சொல்வது என்று தானே ஓடி ஓடிச் செய்வார், அல்லது எல்லாவற்றையும் தள்ளிவிட்டு "சொன்னேனே" என்பார். குளிப்பாட்டச் சொல்லலாம். முதுகுத்தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்து முடிவெடுப்பதைச் சொல்லிவிட முடியாது. "10 மணிக்குள்ள அவரைத் திருப்பிப் படுக்க வைங்க, தோல் சிவந்திருந்தா உடனே என்னைக் கூப்பிடுங்க" என்பதில் நேரம் இருக்கிறது, எதைத் திரும்ப வந்து சொல்ல வேண்டும் என்பதும் இருக்கிறது. 10 மணிக்குப் போய்ப் பார்ப்பது செவிலியர் பொறுப்பு.

இவையெல்லாம் வகுப்பறையில் வராது. கடைசி 6 மாதமாவது வேலைப் பிரிவினையை விட்டு, நோயாளியைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். முதலில் முழு ஷிஃப்டுக்கும் ஒரே நோயாளி. ஓவர் வாங்குவது முதல் ஓவர் கொடுப்பது வரை, அதாவது முந்தைய ஷிஃப்டிடமிருந்து நோயாளியின் விவரங்களைக் கேட்டுப் பெறுவது முதல் அடுத்த ஷிஃப்டிடம் சொல்லி ஒப்படைப்பது வரை எல்லாம் அவர் பொறுப்பு. சில வாரங்களில் 2 பேர், பிறகு 4 பேர். நான்கைத் தொட்டவுடன்தான் உண்மையான சிக்கல் தெரியும், எதை முதலில் செய்வது என்பது. காலை 8 மணிக்கு ஒருவருக்கு ஆன்டிபயாட்டிக் நேரம், ஒருவரை ஆபரேஷன் தியேட்டரில் கூப்பிடுகிறார்கள், ஒருவரின் உறவினர் சத்தம் போடுகிறார், இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்த நான்காமவர் இப்போது அமைதியாகத் தூங்குகிறார். மாணவர் சத்தம் போடும் இடத்துக்குத்தான் போவார். நிற்க வேண்டிய இடம் அமைதியாகிவிட்ட நான்காமவர் பக்கத்தில். தோளைத் தட்டி எழுப்பிப் பார்த்தால்தான் அது தூக்கமா, நினைவு மங்குவதா என்று தெரியும்.

அதற்குப் பின்னால் நிற்கும் வழிகாட்டிச் செவிலியருக்குத் தேவை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பொறுமை. மாணவர் மெதுவாகச் செய்கிறார் என்று பிடுங்கிச் செய்துவிட்டால் அன்றைய பாடம் போச்சு. நோயாளிக்கு ஆபத்து என்றால் மட்டும் கை நீள வேண்டும். மற்றபடி "அடுத்தது என்ன, ஏன்?" என்ற கேள்வி போதும். இதை வழக்கமான நோயாளிச் சுமையோடு யாராலும் செய்ய முடியாது. வழிகாட்டியாக இருக்கும் நாளில் அவருக்கு நோயாளிகளைக் குறைக்க வேண்டும், ஒரு மாணவருக்கு வாரக்கணக்கில் ஒரே வழிகாட்டி இருக்க வேண்டும். தினம் ஒருவர் என்றால் இவர் நேற்று எதில் தடுமாறினார் என்று யாருக்கும் தெரியாது.

லாக் புக்கையும் மாற்றலாம். '20 ஊசி, 10 கட்டு' என்ற எண்ணிக்கை போஸ்டிங்கின் கடைசி நாளில் மொத்தமாகக் கையெழுத்தாகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். பார்த்தது, உதவியோடு செய்தது, தனியே செய்தது என மூன்று கட்டம் போட்டு, அன்றன்று, அந்த வழிகாட்டியே கையெழுத்திடட்டும். பக்கத்தில் ஒரு வரி, எங்கே தடுமாறினார் என்று.

இறுதித் தேர்வில் பொம்மைக்கு முன்னால் நின்று 15 நிமிடம் செய்து காட்டுவதோடு, 4 நோயாளிகளோடு ஒரு முழு ஷிஃப்டையும் சேர்க்க வேண்டும். தேர்வாளர் அதிகம் கேட்க வேண்டியதில்லை. ஷிஃப்ட் முடிவில் மாணவர் அடுத்தவருக்கு ஓவர் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று கேட்டால் போதும். 7-ஆம் படுக்கையில் "பல்ஸ் 128" என்று சொல்லி நிறுத்துகிறாரா, "பல்ஸ் 128, 6.10-க்கு டாக்டர்கிட்ட சொன்னேன், 6.20-க்கு வந்து பாத்தார், ரத்தம் அனுப்பியிருக்கு, ரிசல்ட் இன்னும் வரல, அதை நீங்க கேட்டு வாங்கணும்" என்கிறாரா என்று பார்த்து மதிப்பெண் போடலாம்.

இப்படிக்கு,
செவிலியர் பயிற்றுநர்கள் சிலர்